கனிவான கவனத்திற்கு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் வாலு எழுதுவது. இங்கே நான் சுகம். இருமல் போய்விட்டது, தூக்கமும் போய்விட்டது. அங்கே இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

தூக்கம் போனதற்குக் காரணம் நல்ல செய்திதான். தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினொரு வருடம் மற்றவர்களின் படங்களுக்கு உதவி இயக்குநராக ஓடினேன். இனி என் படம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். படுக்கையில் விழுந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள, மனித உருவில் ஓர் இயந்திரத்தை வாங்கி வருகிறாள் அவர் மகள். அதற்கு உதவி என்று பெயர். கடைசியில் கம்பெனிக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துப்போக வருகிறார்கள்.

உதவியாக நடிப்பவள் ஒரு நாட்டியக்காரப் பெண். உடம்பு சொன்னபடி கேட்கிறது. குரல்தான் கீச்சுக்குரல். அதனால் குரலை வேறொருவர் தர வேண்டும். அண்ணி, அது நீங்கள்தான். இருபது வருடமாக ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறீர்கள். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று நீங்கள் சொன்னால், சண்டைக்கு வந்தவன்கூடப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு அந்தக் குரல் வேண்டும். முடியாது என்றால் வந்து வாசலில் படுத்துக்கொள்வேன்.

அண்ணா, வசனத் தாள்களின் இரண்டு படிகளை அனுப்பியிருக்கிறேன். பாடப்புத்தகங்களில் மெய்ப்புத் திருத்தித் திருத்தி, பிழையைத் தவிர வேறெதுவும் தெரியாத கண் உன்னுடையது. ஒன்றைத் திருத்தித் திருப்பி அனுப்பு, மற்றதை நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
வாலு


ஜனவரி 21

அன்புத் தங்கை வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ தூங்கு. தூங்காத இயக்குநர் எடுத்த படத்தில் பார்க்கிறவன் தூங்குவான்.

உன் கடிதத்தை உன் அண்ணி மூன்று முறை படித்தாள். பிறகு சமையலறையில் நின்று, ஒரு கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அறிவித்தாள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாலுவின் படம் பதினொரு வருடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது." சிரித்து முடித்ததும் என்னை எழுதச் சொன்னது இது: "குரல் தர்றேன்னு எழுதுங்க. ஆனா மெஷின் மாதிரி பேசுன்னு சொன்னா எழுந்து வந்துடுவேன். இருபது வருஷமா மெஷின் மாதிரிதான் பேசறேன். ஒரு தடவையாவது மனுஷி மாதிரி பேசறேனே."

வசனத்தில் முப்பத்தேழு பிழைகள். எழுத்துப் பிழைகளை விடு, அது உன் பிறவிக் குணம். பெரிய பிழை ஒன்று இருக்கிறது. மகள் அந்த இயந்திரத்தை முதலில் 'அது' என்கிறாள். நடுவில் எங்கேயோ 'அவங்க' என்று மாறிவிடுகிறாள். இயந்திரம் அஃறிணை. வந்தது, போனது, நின்றது. பதினான்கு இடங்களில் 'அவங்க'வை அடித்து 'அது' போட்டிருக்கிறேன். இது சின்ன வகுப்புப் பாடம், வாலு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா, அண்ணி,

சுகம்தானே? நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் செட் போட்டிருக்கிறோம். பெயரில்தான் குளிர். விளக்கைப் போட்டால் உள்ளே அடுப்பு. நாட்டியக்காரப் பெண்ணுக்கு முகமூடி ஒட்ட நாலு மணி நேரம் ஆகிறது. வியர்வையில் அது தாடைக்குக் கீழே கிளம்பிவிடுகிறது. ஒப்பனைக்காரர் பசையும் கையுமாக அவள் பின்னாலேயே அலைகிறார். கண் சிமிட்டக்கூடாது என்று முதலில் சொன்னேன். கண்ணீராகக் கொட்டியது. இப்போது யாராவது அவளிடம் பேசும்போது மட்டும் சிமிட்டச் சொல்லியிருக்கிறேன். நிஜமாகவே கேட்டுக்கொள்வது மாதிரி இருக்கிறது.

'அவங்க' பிழை இல்லை, அண்ணா. மகள் தன்னை அறியாமல் மாறுகிறாள். எனக்குப் படமே அந்த இடம்தான். நீ அடித்ததை நான் ஏற்கப் போவதில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

ஒரு காட்சிதான் சொதப்புகிறது. பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் இடம். மூட்டை தூக்குவது மாதிரியே வருகிறது. யோசித்து எழுது. அண்ணி, நீங்கள் ஏதாவது நாலு வரி பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். தயாரிப்பாளர் காதில் போட வேண்டும்.

வாலு


மார்ச் 30

வாலுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அச்சகத்தில் தேர்வுக்கால வேலை. அண்ணி நலம். தொண்டை கட்டியிருப்பதால் குரலை இப்போது அனுப்ப முடியவில்லை.

தூக்கும் காட்சி பற்றி. தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், "இப்ப தூக்கப் போறேன்" என்று. சொல்லாமல் தொட்டால் உடம்பு பயத்தில் இறுகும், இரண்டு பங்கு கனக்கும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். நாற்காலியைத் தெம்புள்ள பக்கத்தில் போட வேண்டும். தூக்குகிறவர் தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். குளிக்க வைக்கும் காட்சியில் உதவி வெந்நீரை விரலால் பார்க்கிறது. தவறு. முழங்கையால் பார்க்க வேண்டும். தண்ணீர் கொடுக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கக்கூடாது, புரையேறும். அப்படிப் புரையேறினால் அந்தப் பத்து நொடி போகவே போகாது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். அண்ணிக்குத் தொண்டை தேவலையா?

உன் கடிதத்தைச் செட்டில் சத்தமாகப் படித்தேன். நாட்டியக்காரப் பெண் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனாள். "இப்ப தூக்கப் போறேன்" என்று அவள் சொல்லிவிட்டுக் குனிந்ததும் பெரியவராக நடிப்பவர் தானாகவே உடம்பைத் தளர விட்டார். ஒரே டேக். எங்கே கற்றாய் இதையெல்லாம்? அச்சகத்தில் நர்சுப் படிப்புக்குப் புத்தகம் போடுகிறீர்களா?

தயாரிப்பாளர் நெருக்குகிறார். ஜூலை முதல் வாரத்துக்குள் குரல் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குரலைப் போட்டுவிடுவாராம். என் உதவிக்குக் கம்ப்யூட்டர் குரலா? என் பிணத்தின் மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணியிடம் பேசத் தொலைபேசியில் நாலு முறை கூப்பிட்டேன். நாலு முறையும் நீதான் எடுத்தாய். நாலு முறையும் அண்ணி தூங்குகிறார். இரண்டு பேரும் ஏதாவது சண்டையா?

வாலு


மே 2

வாலுவுக்கு,

அண்ணி நலம். அவளுக்கு வேலை அதிகம். குரலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

நான் அடித்த பதினான்கு 'அவங்க'வுக்கும் என் படியில் அடிப்புள்ளி வைத்துவிட்டேன். அடித்தது தவறு, முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் குறி. உன் படியிலும் வைத்துக்கொள். நீ எழுதியதுதான் சரி.

படத்தை மட்டும் கவனி.

அண்ணன்


மே 9

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்பாய்.

உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஜனவரியில் அண்ணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், சிரிக்கிறார், எனக்கு நிபந்தனை போடுகிறார். மார்ச்சில் நலம். மேயில் நலம். அண்ணி சொன்னதாக ஒரு சொல் இல்லை. அண்ணி இருக்கும் வீட்டிலிருந்து வரும் கடிதமா இது?

இன்னொன்று. வாழ்நாளில் நீ ஒரு திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்பாவின் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை கண்டுபிடித்தவன் நீ. இப்போது பதினான்கு புள்ளி வைத்திருக்கிறாய். முழங்கையால் வெந்நீர் பார்க்கிறாய்.

அண்ணிக்கு என்ன ஆயிற்று? பூசி மெழுகாமல் எழுது.

வாலு


மே 17

அன்புள்ள வாலுவுக்கு,

எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

பிப்ரவரி இருபது, காலைப் பணி. மைக்கை இழுத்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். ஏழு முறை. நிலையம் முழுக்கக் கேட்டது. கருவிதான் பழுது என்று நினைத்து எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பக்கத்து அறைக் குமாஸ்தா அதை நிறுத்தச் சொல்லப் போனபோது உன் அண்ணி நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

அந்த ஒரு வரி மட்டும் பிசிறில்லாமல் வருகிறது. தாகம் என்றாலும் அதுதான், வலி என்றாலும் அதுதான், நான் துவாலையை ஈரமாகப் போட்டுவிட்டேன் என்று கோபம் வந்தாலும் அதே 'கனிவான கவனத்திற்கு'தான். எனக்கு வித்தியாசம் தெரிகிறது. டாக்டருக்குத் தெரியவில்லை. "பழக்கத்துல தானா வர்ற பேச்சு சார். மெஷின் மாதிரி. அதுக்கு அர்த்தம் தேடாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். இருந்தாலும் அதற்கு மேல் கேட்க மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

போன மாதக் கடைசியில் நம் மாமா பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "அதுக்கு ஏதாவது புரியுதா? ஒழுங்கா சாப்பிடுதா?" அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பிடறா" என்றேன். அவர் படியிறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு உன் வசனத்தை எடுத்துப் பதினான்கு புள்ளியையும் வைத்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். ஒன்றிரண்டு வார்த்தைகள் திரும்புகின்றன. நான் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். சொல்லியிருந்தால் செட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்ததை நாங்கள் கெடுத்ததாக இருக்கக்கூடாது. வராதே. முடித்துவிட்டு வா.

அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணா,

ஒப்பனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னைத் திட்டினேன். பெட்டியைக்கூட எடுத்துக் கட்டினேன். நாட்டியக்காரப் பெண் அரை முகமூடியோடு வந்து வாசலை மறித்து நின்றாள். இன்னும் ஒன்பது நாள் படப்பிடிப்பு இருக்கிறது. இருக்கிறேன். ஆனால் நீ செய்தது தப்பு, அதை ஒருநாள் நேரில் வந்து சொல்வேன்.

குரலுக்குச் செய்தி வாசிக்கும் பெண் ஒருவரைப் பேசிவிட்டேன். அண்ணி கவலைப்பட வேண்டாம், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று சொல். அண்ணிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. அனுப்புகிறேன்.

வாலு


ஜூன் 8

வாலு

இடது கை. நாலு நாள் எழுதினேன். பிழை இருக்கும். அவர் திருத்த வந்தார். தரவில்லை.

எனக்கு என்ன வேணும்னு அவரைக் கேட்டே. எல்லாரும் அவரைத்தான் கேக்கறாங்க. டாக்டர். மாமா. இப்ப நீ.

என்னைக் கேள்.

குரல் தர்றேன்னு சொன்னேன். இல்லைன்னு நான் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

எனக்குப் படத்தில் பேசணும்.

அண்ணி


ஜூன் 15

என் அண்ணிக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அண்ணன் உறையைப் பிரிக்கலாம், பிரித்ததும் உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் நாலு நாளுக்கு என் நன்றி. உங்களைக் கேட்காமல் அவனைக் கேட்டது என் தப்பு. இப்போது உங்களையே கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எந்த நேரத்தில் தெம்பாக இருக்கிறீர்கள்? ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது?

இனி இயக்குநராக எழுதுகிறேன். படம் முழுக்கச் செய்தி வாசிப்பவர் பேசட்டும். அது கம்பெனி வைத்துக் கொடுத்த குரல். கடைசிக் காட்சியில் கம்பெனிக்காரர் வந்து அந்தக் குரலை நிறுத்திவிடுகிறார். வண்டி வெளியே நிற்கிறது. அப்போது உதவி பெரியவர் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறது. அந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்த அழகான நாலு வரியை, உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அடித்துவிட்டேன். அடிப்புள்ளி வைக்க மாட்டேன். அங்கே நீங்கள் பேசுங்கள். என்ன பேசுவது என்பதும் உங்கள் பொறுப்பு. அந்தப் பெண்ணின் வாய் இருபது நொடி அசைகிறது, அதற்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான் என் நிபந்தனை.

நன்றாக வராவிட்டால் வைக்க மாட்டேன். பாவம் பார்த்து வைத்தேன் என்று தெரிந்தால் நீங்களே என்னைச் சும்மா விட மாட்டீர்கள். ஒலிப்பதிவாளர் ஜூலை முதல் தேதி வீட்டுக்கு வருகிறார். எத்தனை டேக் வேண்டுமானாலும் போகலாம். அவர் பொறுமைசாலி.

உங்கள் வாலு


ஜூலை 4

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணியின் நலத்தை இனி அவளே எழுதுவாளாம். ஆகவே என் நலத்தை மட்டும் எழுதுகிறேன். முதுகுவலி. மற்றபடி தேவலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை. 'மெஷின் மாதிரி' என்று ஒருவர் சொன்னதற்கே எழுந்து வெளியே வந்தவன் நான். என் தங்கையே அவளை மெஷினுக்குப் பேச வைப்பதா என்று ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் அவளோடு வாதாடினேன். 'வேணாம்' என்ற சொல் அவளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வந்த சொல்லை முழுக்க என் மேலேயே செலவழிக்கிறாள். பத்துச் சொல் வைத்திருப்பவளிடம் பத்தாயிரம் சொல் வைத்திருப்பவன் தோற்றுப்போனேன்.

ஒலிப்பதிவாளர் வந்து சன்னல்களுக்கு மெத்தையைச் சாத்தினார். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். உட்காராமல் எப்படி? அவள் பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று டேக் வீணாயிற்று. நாலாவதில் ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், உங்க வாய்ச் சத்தம் பதிவாகுது." அவள் பேசும்போதெல்லாம் என் உதடு கூடவே அசைந்துகொண்டிருந்ததாம். எனக்கு அது தெரியவே தெரியாது, வாலு. எத்தனை நாளாக அப்படி அசைகிறதோ.

பிறகு அவர் என்னைக் கேட்டார், "மேடத்துக்குத் தண்ணி வேணுமா சார்?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வெளிய" என்றாள் உன் அண்ணி.

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் ஒலிப்பதிவாளர் மட்டும்தான் இருந்தார். அவள் பார்த்தது என்னை.

"வெளிய போங்க."

இரண்டு சொல். பிப்ரவரிக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான். கோபமாகச் சொல்லவில்லை, வேலையாகச் சொன்னாள். எழுந்து போனேன்.

படிக்கட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த நாலரை மாதத்தில் அவளை விட்டு அவ்வளவு நேரம் தள்ளி இருந்ததில்லை. புரையேறினால் என்ன செய்வாரோ, நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டு முறை எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். அந்தப் புண்ணியவான் கதவுக்கும் மெத்தை வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை உள்ளே இருவரும் சிரிப்பது மாதிரி இருந்தது.

கதவு திறந்ததும் என்ன சொன்னாள் என்று அவரைத்தான் கேட்டேன். பழக்கதோஷம். அவர் கேபிளைச் சுற்றிக்கொண்டே, "பதினோராவது டேக் நல்லா வந்திருக்கு சார். ஆனா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மேடம் உத்தரவு" என்றார். அவர் போன பிறகு மத்தியானச் சாப்பாட்டின்போது அவளையே கேட்டேன். என் கையிலிருந்த கரண்டியை இடது கையால் வாங்கிக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். கால்வாசி கீழே சிந்தியது, நான் துடைக்கவில்லை. இருபது வருடம் ஒரு நிலையத்தையே காத்திருக்க வைத்தவளுக்கு என்னைக் காத்திருக்க வைப்பது ஒரு பொருட்டா? சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"டிக்கெட்."

புரியாமல் விழித்தேன்.

"டிக்கெட் வாங்குங்க. தெரியும்."

அவள் முகத்தில் ஒரு பாதிதான் சிரிக்கும். அது போதுமானதாக இருந்தது. முப்பது வருடமாக எதையும் ஊர் படிப்பதற்கு முன்னால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியே பழகியவன் நான். என் மனைவி சொன்னதை மட்டும் ஊரோடு சேர்ந்து, இருட்டில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

நீயும் எழுதிவிடாதே. எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்.

உன் அண்ணன்